"ஆப்பரேஷன் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்": மூளைப் புற்றுநோய் வந்த வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் மருத்துவமனை லிஃப்ட் வாசலில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். முப்பத்தைந்து வயது இருக்கும். கணவருக்கு மூளையில் கட்டி, அடுத்த வாரம் அறுவை சிகிச்சை. கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல், அதில் காகிதங்கள் தலைகீழாகச் செருகியிருந்தன. "எல்பிஏ செஞ்சாச்சாம்மா?" என்று, முடிவெடுக்கும் அதிகாரப் பத்திரத்தைப் பற்றிக் கேட்டேன். "ஆப்பரேஷன் முடியட்டும்க்கா, அப்புறம் அதெல்லாம் பாத்துக்கலாம்" என்றாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் சொன்ன அதே வார்த்தை. அன்றிரவே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

என் கணவருக்கு வந்தது கிளியோபிளாஸ்டோமா, வேகமாக வளரும் ஒரு மூளைப் புற்றுநோய். அவர் போன பிறகு, இந்த நோயில் புதிதாக மாட்டிக்கொண்ட குடும்பங்களுக்குத் துணையாக மருத்துவமனைக்குப் போய்வருவது வழக்கமாகிவிட்டது. நான் மருத்துவர் இல்லை. மாத்திரையை மறக்காதீர்கள், அப்பாயின்ட்மென்ட்டைத் தவறவிடாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

நன்றாகத்தானே பேசுகிறார் என்று கையெழுத்தைத் தள்ளிப்போடுவது

நாளைக்கு எனக்கு முடிவெடுக்கும் திறன் போய்விட்டால் என் சார்பில் இன்னார் முடிவெடுக்கட்டும் என்று, திறன் இருக்கும்போதே எழுதிவைக்கும் பத்திரம்தான் எல்பிஏ. சிங்கப்பூரில் 2010 முதல் இருக்கிறது. உடல்நலமும் பராமரிப்பும் ஒரு பக்கம், பணமும் சொத்தும் ஒரு பக்கம். இரண்டையும் ஒருவரிடமே கொடுக்கலாம், பிரித்தும் கொடுக்கலாம். "நான் பெண்டாட்டிதானே, எனக்கெதுக்கு இது?" என்று கேட்பவர்கள், கணவர் பெயரில் மட்டும் இருக்கும் கணக்கை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய்ப் பாருங்கள்.

என் கணவருக்குக் கட்டி மூளையின் வலப்பக்கத்தில். பெரும்பாலோருக்குப் பேச்சு இடப்பக்கத்தில் இருக்கிறது. அதனால் அவர் குரல் கணீரென்றே இருந்தது. கிரிக்கெட் ஸ்கோர் சொல்வார். தேக்காவில் எந்தக் கடையில் முருங்கைக்காய் மலிவு என்று சொல்வார். ஆனால் தட்டில் சோற்றின் இடது பாதி அப்படியே கிடக்கும். புடலங்காய்க் கூட்டு பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேன். ஒருநாள் எரிச்சலில் தட்டை அப்படியே திருப்பி வைத்தேன். "இப்பத்தான் வச்சியா?" என்று கேட்டுவிட்டு மிச்சத்தையும் சாப்பிட்டார். இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதும் தெரியவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். வாய் நன்றாகப் பேசுவது வேறு, முடிவெடுக்கும் திறன் வேறு.

எங்கள் வீட்டில் 'கான்சர்' என்ற சொல்லே காதில் விழக்கூடாது. அத்தையின் உத்தரவு. என் கணவரிடம் "கட்டி, எடுத்துட்டாங்க" என்று மட்டும் சொல்லியிருந்தோம். நான் ஒருமுறை எல்பிஏ பேச்சை எடுத்தபோது, "என் புள்ள உசுரோட இருக்கும்போதே எழுதி வாங்கப் பாக்குறியா?" என்றார் அத்தை. எனக்குச் சுருக்கென்றது, அத்தோடு விட்டுவிட்டேன். அத்தையைக் குற்றம் சொல்ல மாட்டேன், விட்டது நான். என்ன நோய் என்றே சொல்லாத மனிதரிடம், எதற்காகக் கையெழுத்து கேட்கிறோம் என்று எப்படிச் சொல்வது?

வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறு வாரம், முப்பது முறை கதிர்வீச்சு. கூடவே தெமோசோலமைடு என்ற கீமோ மாத்திரை. எட்டாவது மாதம் கட்டி திரும்பி வந்தது. அப்போதுதான் பதறியடித்துக்கொண்டு, எல்பிஏக்குச் சான்று தரும் டாக்டர் ஒருவரை வீட்டுக்கு வரச்சொன்னோம். எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டு அவரிடம் தனியாகப் பேசினார். கதவு சரியாகச் சாத்தவில்லை. "இது என்ன பத்திரம்னு சொல்லுங்க." இவர் தயங்கவே இல்லை: "வீட்ட வாடகைக்கு விடுற பத்திரம்." நாங்கள் வீட்டை வாடகைக்கு விட்டதே கிடையாது. டாக்டர் பொறுமையாக, தமிழிலேயே, மறுபடியும் விளக்கினார். கொஞ்ச நேரம் கழித்து அதையே கேட்டார். "வாடகைப் பத்திரம்தான்." பேனா மூடியைச் சொருகும் சத்தம் கேட்டது.

அந்த டாக்டர்மேல் அன்று எனக்கு அவ்வளவு கோபம். அவர் செய்தது சரிதான்.

அதற்கப்புறம், அவர் சார்பில் முடிவெடுக்க நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கும் வழிதான் மிச்சம். வழக்கறிஞர், சத்தியப் பிரமாணம், திறன் இல்லை என்று மருத்துவ அறிக்கை, அவருடைய உடன்பிறந்தவர்களின் சம்மதம். ஒரு கொழுந்தனார் துபாயில், அவர் கையெழுத்து வர ஐந்து வாரம். மாதக்கணக்கில் இழுத்தது, ஆயிரக்கணக்கில் வெள்ளி போனது. அவர் கணக்கில் அவர் சம்பாதித்த பணம் சும்மா கிடந்தது. நான் தம்பியிடம் கடன் வாங்கிப் பணிப்பெண்ணுக்குச் சம்பளம் கொடுத்தேன். உத்தரவு கைக்கு வந்தபோது அவருக்கு மூன்று வாரம்தான் மிச்சம் இருந்தது. நோய் வந்ததற்கு நான் யாரையும் நொந்துகொள்ளவில்லை. இந்த ஒன்று மட்டும் இன்றைக்கும் எரிகிறது.

நோய் தெரிந்த வாரமே செய்யுங்கள். சிங்பாஸ் என்ற அரசு மின்னடையாளம் மூலம் இணையத்திலேயே நிரப்பலாம். யாரை நியமிக்கிறீர்களோ அவருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட டாக்டர், மனநல மருத்துவர், தொழில் நடத்தும் வழக்கறிஞர், இவர்களில் ஒருவர் சான்று தர வேண்டும். தமிழ் பேசுகிறவராகத் தேடிப் பிடியுங்கள். மூளையில் கட்டி என்றாலே திறன் போய்விட்டது என்று சட்டம் சொல்லவில்லை, இருப்பதாகத்தான் எடுத்துக்கொள்கிறது. அவர் தெளிவாக இருக்கும் வேளையைப் பார்த்து நேரம் வாங்குங்கள். எங்கள் வீட்டில் அது காலை பத்து மணி, பசியாறிய பிறகு.

மசேநிதிப் (மத்திய சேமநிதி) பணம் அவருக்குப் பின் யாருக்குப் போக வேண்டும் என்ற நியமனத்தையும் அதே வாரத்தில் முடித்துவிடுங்கள். உயிலில் எழுதிவைத்தாலும் மசேநிதிப் பணத்துக்குச் செல்லாது. எல்பிஏ கையில் இருந்தாலும் அந்த நியமனத்தை அவருக்காக நீங்கள் செய்ய முடியாது. அவரே செய்தால்தான் உண்டு.

டெக்ஸாவை நீங்களாக நிறுத்துவது

மூளை வீக்கத்தைக் குறைக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு, டெக்ஸாமெத்தசோன். முகம் உப்பும், சர்க்கரை ஏறும், தூக்கம் போகும், தொடையில் வலு குறைந்து சோபாவிலிருந்து எழவே கை கொடுக்க வேண்டியிருக்கும். பார்க்கிறவர்களுக்கு மருந்தே எதிரி மாதிரி தெரியும். யீஷூனில் ஒரு அம்மா, மகனுக்குச் சர்க்கரை 18 mmol/L காட்டியதும் பயந்துபோய் யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டார். மூன்றாம் நாள் தலைவலி, வாந்தி, மயக்கம், ஆம்புலன்ஸ். இந்த மருந்தைச் சில வாரம் சாப்பிட்டாலே, உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்காமல் விட்டுவிடும். அதனால்தான் டாக்டர்கள் படிப்படியாகக் குறைக்கிறார்கள். தூக்கம்தான் பிரச்சினை என்றால், மாலை வேளை மாத்திரையை முன்னால் தள்ளலாமா என்று கேளுங்கள். பலருக்கு அதுவே போதும்.

வலிப்பு வந்தால் கையில் சாவி

வேண்டாம். வாயில் கரண்டியும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், மணி பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 995.

14.6

இந்த எண்ணைக் கூகுளில் பார்த்துவிட்டு ராத்திரி முழுக்க அழுதவர்களைத் தெரியும், நானும் அழுதிருக்கிறேன். 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கதிர்வீச்சோடு தெமோசோலமைடும் சேர்த்து எடுத்த கிளியோபிளாஸ்டோமா நோயாளிகளின் நடுநிலை ஆயுள் 14.6 மாதம். நடுநிலை என்றால், பாதிப் பேர் அதைத் தாண்டி இருந்தார்கள் என்று அர்த்தம். காலண்டரில் வட்டம் போடும் தேதி இல்லை அது. கதிர்வீச்சு முடிந்து எடுக்கும் முதல் எம்ஆர்ஐக்கும் இதே கதைதான். சிகிச்சையின் வீக்கமே கட்டி வளர்ந்த மாதிரி படத்தில் தெரிவதுண்டு. டாக்டர் "அடுத்த ஸ்கேன் பார்ப்போம்" என்றால் மழுப்புகிறார் என்று நினைக்காதீர்கள்.

ஆங்கிலத்தில் பதில் வரவில்லை, ஆகவே புரியவில்லை

கட்டி இடப்பக்கம் இருந்து பேச்சு பாதித்தால், ஒரு மொழி போய் இன்னொன்று நிற்கலாம். பேச்சுப் பயிற்சியாளர் பேனாவைக் காட்டி ஆங்கிலத்தில் கேட்டபோது விழித்த ஒரு தாத்தா, பேத்தி தமிழில் கேட்டதும் "எழுதுறது" என்றார். கூட இருக்கிறவர்கள் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

எல்லாம் நானே பார்த்துக்கொள்வேன்

முடியாது. மருத்துவ சமூக ஊழியரை முதல் வாரமே பாருங்கள். இல்லப் பராமரிப்பு மானியம் பற்றி ஏஐசியில் (ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு) கேளுங்கள்.

பார்க்க வருகிறவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு மைலோ டின். ஒருவர் பப்பாளி இலைச்சாறு என்பார், இன்னொருவர் முள்சீத்தா இலை என்பார். சிகிச்சை நடக்கும்போது எந்த இலையானாலும் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் உள்ளே போகக்கூடாது. அவர்கள் கிளம்பும்போது இவர் களைத்துப்போயிருப்பார், நான் பன்னிரண்டு கிளாஸ் கழுவிக்கொண்டிருப்பேன். "ஏதாவது வேணும்னா சொல்லு" என்று வாசலில் நின்று சொல்வார்கள். செவ்வாய்க்கிழமை கதிர்வீச்சுக்கு நான் கூட்டிப்போகிறேன் என்று ஒருவராவது சொல்ல மாட்டாரா என்று இருக்கும்.

எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி ஒருநாள்கூட உள்ளே வந்து அவரைப் பார்த்ததில்லை. கதிர்வீச்சு நடந்த அந்த ஆறு வாரமும் காலை ஆறு மணிக்கு என் மகளைக் கீழே கூட்டிப்போய்ப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டது அவர்தான்.