வேட்டங்குடியில் பறவை நிகழ்ச்சி நடத்துகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

மழை நின்று கண்மாய் நிறைந்துவிட்டால் போதும். காரைக்குடி, திருப்பத்தூர் பக்கத்துப் பள்ளிகள், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், இளைஞர் மன்றத்தினர் என்று பலருக்கும் சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் நினைவு வந்துவிடும். பறவை பார்ப்பது, ஓவியப் போட்டி, கண்மாயைச் சுத்தம் செய்வது, மூன்றையும் ஒரே நாளில் முடிப்பதாகத் திட்டம் போடுவார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் நாள், நேரம், கூட்டம் எல்லாமே நம் வசதிக்கு அமைகிறதே தவிர பறவைக்கு எது தோது என்று யாரும் கேட்பதில்லை.

முதலில் இடத்தின் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடி ஆகிய மூன்று கண்மாய்களும் சேர்ந்து சுமார் 38 ஹெக்டேர்தான். 1977-இல் சரணாலயமானது. இங்கே இரண்டு பஸ் நிறையப் பிள்ளைகளை இறக்கி ஒரே கரையில் நிறுத்தினால், பறவைகள் விலகிப் போக மறு கரை கூடக் கிடையாது. இருபது பேருக்கு மேல் ஒரு குழு வேண்டாம். வனத்துறையிடம் அனுமதி கேட்கும்போதே எண்ணிக்கையையும் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது நேரம். பத்து மணிக்குத் தொடக்க விழா, குத்துவிளக்கு, வரவேற்புரை என்று வைத்தால் பார்க்க என்ன இருக்கும்? நாரைகளும் கொக்குகளும் விடியும்போதே வயல்களுக்கு இரை தேடப் போய்விடும். அந்த நேரத்தில் வருகிறவர்களைப் பார்த்து, "இப்பத்தான் வர்றீகளா? எல்லாம் மேயப் போயிருச்சே" என்று ஊர்க்காரர்கள் சொல்வதுண்டு. காலை ஆறு மணிக்குக் கரையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாலை ஐந்துக்கு மேல் வர வேண்டும். மாலையில் இன்னொரு வசதி உண்டு. கொக்குகள் அடைய வரும் அதே வேளையில், இரவில் இரை தேடும் கொக்கு இனமான வக்கா இரைக்குக் கிளம்பும். போவதும் வருவதுமாக அரை மணி நேரம் வானம் நிறைந்திருக்கும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு கூட்டை நெருங்குவது. "படம் மட்டும் எடுத்துட்டு வந்துடுறேன் சார்" என்று ஒருவர் கரையை விட்டு இறங்குவார், பின்னாலேயே பத்துப் பேர் இறங்குவார்கள். தாய்ப்பறவை எழுந்து பறக்கும், அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது கூட்டில் உட்கார்ந்திருப்பது முட்டைக்குச் சூடு கொடுக்க மட்டுமில்லை. உச்சி வெயில் குஞ்சின் மேல் படாமல் சிறகை விரித்து மறைப்பதும் அதுதான். அது எழுந்த சில நிமிடங்களில் காக்கை முட்டையைக் கொத்திவிடும். பயந்துபோன நாரைக் குஞ்சு விழுங்கிய மீனைக் கக்கிவிடும். கொஞ்சம் வளர்ந்த குஞ்சாக இருந்தால் கிளை மாறப் பார்த்துத் தவறி விழும். முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையாடுவதற்குச் சமம் என்பதை மாணவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கரையிலிருந்தும் காட்சிக் கோபுரத்திலிருந்தும் பைனாகுலரில் பார்த்தாலே போதும். ட்ரோன், ஒலிபெருக்கி இரண்டும் அறவே வேண்டாம். கைபேசியில் பறவைக் குரலைப் போட்டு வரவழைப்பதும் தொந்தரவுதான்.

ஊர் மக்களைப் பார்வையாளர்களாக நடத்துவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். தீபாவளிக்குக் கூட வெடி வெடிக்காத ஊர்கள் இவை. பறவைகள் மிரண்டு போகக் கூடாது என்று தலைமுறையாகக் காத்துவருகிறார்கள். அதற்காக வனத்துறை அவர்களுக்கு இனிப்பு கொடுத்துப் பாராட்டுகிறது. அப்படிப்பட்ட ஊருக்குள் போய், 'பறவைகளைக் காப்போம்' என்று பதாகை பிடித்து அவர்களுக்கே பாடம் நடத்துவது சரியா? ஊர்ப் பெரியவர் ஒருவரை அழைத்துப் பேசச் சொல்லுங்கள். எந்த மழைக்கு எந்தப் பறவை முதலில் வந்தது, எந்த வருஷம் வராமலே போனது என்று அவர் சொல்வது எந்தச் சிறப்பு விருந்தினர் உரையிலும் கிடைக்காது.

ஓவியப் போட்டிக்கு வருவோம். வீட்டிலேயே பார்த்துப் பழகிய மயிலையும் கிளியையும் பிள்ளைகள் கண்மாய்க் கரையில் உட்கார்ந்து வரைகிறார்கள். எதிரே நிற்கும் நத்தைகுத்தி நாரையை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பரிசும் நேரக்கெடுவும் வைத்தால் இப்படித்தான் ஆகும். பரிசை எடுத்துவிட்டு, "அலகை மட்டும் வரைந்து காட்டு" என்று சொல்லிப் பாருங்கள். நத்தைகுத்தியின் அலகு மூடியிருக்கும்போதும் நடுவில் இடைவெளி தெரியும், நத்தையைப் பிடித்துச் சதையை உருவ ஏற்ற அமைப்பு. குஞ்சுக்கு அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும். கரண்டிவாயனின் அலகு கறுப்பு, நுனி மட்டும் மஞ்சள். அதைத் தண்ணீரில் இடமும் வலமுமாக வீசிக்கொண்டே நடக்கும். இதைப் பார்த்து வரைந்த பிள்ளை பிறகு எங்கே கண்டாலும் அடையாளம் சொல்லும். பெயின்ட் டப்பாவையும் தூரிகையையும் கண்மாயில் கழுவக் கூடாது. கரைக் கற்களில் படம் வரைவதும் வேண்டாம். சாப்பாட்டுக்கு வாழையிலை, பொருள் கொண்டுபோக நம்மூர் ஓலைக் கொட்டான் இருக்க, நெகிழிப் பை எதற்கு?

எண்ணிக்கையில் ஆர்வக் கோளாறு அதிகம். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015-இலிருந்து ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் நடக்கிறது. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் பார்த்து, பறவைகளைப் பதிவு செய்யும் இணையதளமான இ-பேர்டில் பதிய வேண்டும். "ஆயிரக்கணக்கில் இருந்தது" என்று எழுதுவதில் பயனில்லை. கூட்டத்தில் பத்துப் பறவையை எண்ணி, அதே அளவு இடம் எத்தனை முறை வருகிறது என்று பார்த்தால் ஓரளவு சரியான எண் கிடைக்கும். அடையாளம் தெரியாததை 'கொக்கு வகை' என்று போடலாம், அது குறையில்லை.

கடைசியாகக் களப்பணி. சுத்தம் செய்வதென்றால் வெட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். தண்ணீரில் நிற்கும் பட்ட மரம் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் சிறகு உலர்த்தும் இடம், அதைத் தொடக் கூடாது. சீமைக் கருவேலத்தை அகற்றுகிறோம் என்று நாட்டுக் கருவேலத்தில் அரிவாள் வைப்பது அதைவிட மோசம், கூடு கட்டும் மரமே அதுதான். நாட்டுக் கருவேலம் உருண்டை உருண்டையாக மஞ்சள் பூ பூக்கும். காய் மணி கோத்ததுபோல் விதைக்கு விதை இடுக்கியிருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ நீண்ட கதிர், காய் மணிமணியாக இடுக்காமல் நீளமாக இருக்கும். அதையும் கூட்டுக் காலத்தில் வெட்டக் கூடாது, அதிலும் கூடு இருக்கலாம். தை மாதத்தில் செய்யக்கூடிய வேலை கரையோரம் கிடக்கும் தூண்டில் நைலானையும் வலைத் துண்டையும் பொறுக்குவது. பறவையின் காலில் சுற்றுவது அதுதான்.

உண்மையில் ஆள்பலம் தேவைப்படும் மாதம் ஆவணி, புரட்டாசி. பறவையும் இருக்காது, படம் எடுக்கவும் ஒன்றும் இருக்காது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் வரத்துக் கால்வாயில் அடைத்துக் கிடக்கும் புதரையும் குப்பையையும் எடுத்தால்தான் ஐப்பசி மழை கண்மாய்க்கு வந்து சேரும். வனத்துறையோடும் ஊராட்சியோடும் கலந்து பேசி, மண்வெட்டியோடு அந்த மாதத்தில் ஒரு ஞாயிறு ஒதுக்குங்கள்.