போனில் பால்டர்ஸ் கேட்: புதிதாக இறங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லோயர் கேம்ப் தாண்டிக் குமுளிக்கு மலையேறும் பஸ்ஸில் போன் சிக்னல் வருவதும் போவதுமாகத்தான் இருக்கும். ஆன்லைனில் ஓடும் கேம் எதையும் அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் நம்பி ஆட முடியாது. மேலே ஏலத்தோட்ட லயங்களில் இருப்பவர்களுக்கு மழைக்காலம் வந்துவிட்டால் இன்னும் மோசம். கரண்ட் போகும், கொஞ்ச நேரத்தில் டவரும் போகும். அதனால் நெட் இல்லாமலே மாதக்கணக்கில் ஆடக்கூடிய ஒரு பழைய ஃபேன்டசி ஆர்பிஜியை (மாயாஜால உலகில் ஒரு பாத்திரமாகவே வாழ்ந்து ஆடும் விளையாட்டை) எங்கள் பக்கத்துப் பிள்ளைகளிடம் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதன் பெயர் பால்டர்ஸ் கேட்.

கனடாவின் பயோவேர் நிறுவனம் கம்ப்யூட்டருக்காக உருவாக்கி, 1998 டிசம்பரில் 5 சிடிக்களில் வந்த விளையாட்டு இது. 2012-ல் பீம்டாக் நிறுவனம் இதைப் புதுப்பித்து ‘என்ஹான்ஸ்டு எடிஷன்’ என்று கொண்டுவந்தது. அந்த ஆண்டே ஐபேடிலும், 2014-ல் ஆண்ட்ராய்டிலும் கிடைத்தது. ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால் போதும். உள்ளே சில கூடுதல் சமாச்சாரங்களை விற்கிறார்கள், அவை இல்லாமலே முழுக்கதையையும் முடிக்கலாம். இலவசமாகக் கிடைக்கிறது என்று எங்கிருந்தோ வரும் ஏபிகே கோப்பை மட்டும் போனில் ஏற்றாதீர்கள். அதில் வேறு என்ன ஒளிந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. சில ஜிபி அளவுள்ள விளையாட்டு என்பதால், மலையேறுவதற்கு முன்பே கீழே நல்ல வைஃபை கிடைக்கும் இடத்தில் இறக்கி, ஒருமுறை திறந்தும் பார்த்துவிடுங்கள்.

வாங்கியவர்களில் பலர் முதல் நாளிலேயே வெறுத்துப் போய் விட்டுவிடுகிறார்கள். “அண்ணே, வெளியே வந்ததும் செத்துட்டேன். எங்க போகணும்னு அம்புக்குறிகூட காட்ட மாட்டேங்குது” என்பதுதான் வழக்கமான புகார். புகார் நியாயமானதுதான். ஆனால் கோளாறு விளையாட்டில் இல்லை. இன்றைய மொபைல் கேம்களில் எதிரியின் பலம் நம் பலத்துக்கு ஏற்றபடி கூடும் குறையும், அடுத்த அடி எங்கே என்று திரையே சொல்லும், செத்தாலும் பெரிதாக ஒன்றும் இழக்க மாட்டோம். பால்டர்ஸ் கேட்டில் பெரும்பாலான ஆபத்துகள் முன்கூட்டியே அந்தந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. நீங்கள் முதல் லெவலில் வந்தாலும் அவை அங்கேதான் இருக்கும். நிதானமாக வாசித்து, விசாரித்து, ஆழம் பார்த்துக் காலை வைப்பவருக்காகச் செய்யப்பட்ட உலகம் அது. கீழே சொல்லும் தவறுகளில் முக்கால்வாசி, இதை மறந்து அவசரப்படுவதால் வருபவை.

முதல் அவசரம் கேண்டில்கீப்பிலேயே தொடங்கிவிடுகிறது. நூலகக் கோட்டையான அந்த ஊரில்தான் உங்கள் பாத்திரம் வளர்கிறது. வளர்ப்புத் தந்தை கோரியன் கிளம்பலாம் என்று காத்திருப்பார். அவரிடம் பேசியதும் கதை வெளியே இழுத்துப் போய்விடும், பிறகு வெகுகாலத்துக்கு உள்ளே திரும்ப வழி கிடையாது. அவரிடம் போவதற்கு முன் ஊரை முழுக்கச் சுற்றுங்கள். சின்னச் சின்ன வேலைகள் இருக்கின்றன, அனுபவப் புள்ளியும் கொஞ்சம் தங்கக் காசும் சேரும். அந்தக் காசில் நல்ல வில்லும் அம்புகளும் வாங்கிவிடுங்கள். இந்த விளையாட்டின் தொடக்கப் பகுதியில் வில்லைவிட உபயோகமான ஆயுதம் இல்லை என்பது என் உறுதியான கருத்து. நீளவில் ஒரு சுற்றில் இரண்டு அம்பு எய்யும், எதிரி பக்கத்தில் வந்து சேர்வதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும்.

எண்களைத் தலைகீழாகப் படிப்பது அடுத்த தவறு. பழைய டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகளின் இரண்டாம் பதிப்பைப் பின்பற்றும் விளையாட்டு இது. அதில் ஆர்மர் கிளாஸ் என்பது எதிரியின் அடி உங்கள்மேல் விழுவது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லும் எண். கவசம் எதுவும் போடாத சாதாரண ஆளுக்கு அது 10. நல்ல கவசம் போடப் போட 5, 3, 0 என்று இறங்கி, பூஜ்யத்துக்குக் கீழும் போகும். குறையக் குறைய நல்லது. தாக்கோ என்று ஒரு எண் வரும், அடிக்கும் திறமையைக் காட்டுவது, அதுவும் குறைந்தால்தான் நல்லது. பெரிய எண்ணே நல்லது என்ற பழக்கத்தில் 4 இருந்த கவசத்தைக் கழற்றி விற்றுவிட்டு 8 இருப்பதைப் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. கடையில் எதையும் வாங்கும் முன் அந்தப் பொருளின் விவரத்தைத் திறந்து படியுங்கள். எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கும், ஆனால் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் கொஞ்சம்தான். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

பாத்திரத்தை உருவாக்கும்போது நிறையப் பேர் மந்திரவாதியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆசை புரிகிறது. ஆனால் முதல் லெவல் மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளி 4 தான், உடல் வலு நன்றாக இருந்தால் 6. ஓநாய் ஒன்று இரண்டு முறை கடித்தால் முடிந்தது. உங்கள் நாயகன் இறந்தால் விளையாட்டு அங்கேயே நின்று, கடைசி சேவுக்குத்தான் திரும்ப வேண்டும். கூட்டாளிகள் எத்தனை பேர் உயிரோடு இருந்தாலும் பயனில்லை. முதல்முறை ஆடுபவர் போர்வீரனை எடுத்துக்கொள்ளுங்கள். மந்திரத்தைக் கூட்டாளிகள் பார்த்துக்கொள்வார்கள்.

கேண்டில்கீப்பை விட்டுக் கிளம்பி முதலில் போகச் சொல்லும் இடம் ஃப்ரெண்ட்லி ஆர்ம் இன் என்ற சத்திரம். அதன் வாசல் படிக்கட்டில் டார்னெஷ் என்ற மந்திரவாதி நிற்பான். உங்கள் பெயரைக் கேட்பான், அப்புறம் கொல்லப் பார்ப்பான். புதியவர்களில் மிகப் பலர் சாவது இங்கேதான். இதைச் சமாளிப்பதில் இந்த விளையாட்டின் முக்கியமான பாடங்கள் எல்லாம் அடங்கியிருக்கின்றன, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். படி ஏறும் முன் சேவ் செய்யுங்கள். எல்லோரையும் ஒரே கும்பலாக அழைத்துப் போகாமல் வில்லாளிகளைத் தள்ளி நிறுத்துங்கள். அவன் கையைத் தூக்கி மந்திரம் முணுமுணுக்கத் தொடங்கியதும் பாஸ் பட்டனை அழுத்தி, எல்லோரையும் அவன்மேல் ஏவுங்கள். முணுமுணுக்கும் நேரத்தில் ஒரு அடி விழுந்தாலும் அந்த மந்திரம் கலைந்துவிடும். அவன் தன்னைப் போலவே பல உருவங்களைக் காட்டினால் பதறாதீர்கள், ஒவ்வொரு அடிக்கும் ஒரு போலி உருவம் குறையும். நிலைமை கைமீறினால் சத்திர வளாகத்துக் காவலர்கள் பக்கம் ஓடுங்கள், அவர்கள் உங்களுக்காகச் சண்டை போடுவார்கள். உள்ளேதான் காலித்தும் ஜஹீராவும் காத்திருக்கிறார்கள், தொடக்கத்துக்கு அருமையான துணை.

பாஸ் பட்டனைப் பயன்படுத்துவது கோழைத்தனம் என்று நினைக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அது தவறான எண்ணம். நிறுத்தி யோசித்து, ஒவ்வொருவருக்கும் கட்டளை கொடுத்து, மறுபடி ஓடவிடுவதற்காகவே வடிவமைத்த விளையாட்டு இது. அமைப்புகளில் ஆட்டோபாஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. எதிரி கண்ணில் பட்டதும், நம் ஆள் பலத்த காயம் பட்டதும், ஆயுதம் உடைந்ததும், பொறி தெரிந்ததும் தானாக நிற்கும்படி வைத்துவிடுங்கள். ஆறு பேரை ஐந்து அங்குலத் திரையில் விரலால் மேய்ப்பதற்கு இதைவிட நல்ல உதவி இல்லை. கூட்டத்தில் ஆளைத் தொட்டுத் தேர்ந்தெடுக்கத் திணறாமல், ஓரத்தில் இருக்கும் முகப்படத்தைத் தொடுங்கள். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்து சின்னதாகத் தெரிந்தால் அமைப்பில் கூட்டிக்கொள்ளலாம். கூட்டாளிகள் தாமாகவே முடிவெடுக்கும் ஏஐ பட்டனை அணைத்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் அருமையான மந்திரம் ஒரு எலிமேல் வீணாகும். தீப்பந்து, சிலந்தி வலை போன்ற மந்திரங்கள் நம் ஆட்களையும் விட்டுவைக்காது, அதையும் நினைவில் வைத்து இடம் பார்த்து எறியுங்கள்.

சரி, இனி உலகத்தைச் சுற்றுவதற்கு வருவோம். இந்த விளையாட்டின் உயிரே அதுதான், தவறுகளும் இங்கேதான் அதிகம்.

ஒவ்வொரு பகுதியும் கையால் வரைந்தது போன்ற பெரிய வரைபடம். போகாத இடம் கருப்பாக இருக்கும். கதை சொல்லும் பாதையில் மட்டும் நேராக நடந்து பெரகோஸ்ட் என்ற ஊர், அங்கிருந்து நாஷ்கெல் சுரங்கம் என்று போகிறவர்கள் சுரங்கத்தில் கோபோல்டு என்ற குட்டி எதிரிகளின் தீயம்புகளுக்குப் பலியாகிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் சுற்றி அலைந்து இரண்டு மூன்று லெவல் ஏறியிருக்க வேண்டும். மூலக்கதை பெரும்பாலும் உங்களுக்காகக் காத்திருக்கும், அவசரமே இல்லை. ஆனால் புதிய பகுதிகள் எப்படித் திறக்கும் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. கிழக்கே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், இப்போதிருக்கும் வரைபடத்தின் கிழக்கு ஓரம் வரை நடந்து அந்த ஓரத்தின் வழியாக வெளியேற வேண்டும். அப்போதுதான் உலக வரைபடத்தில் அந்தப் பக்கத்து இடம் புதிதாகத் தோன்றும். எப்போதும் ஒரே வாசலில் வெளியேறினால் பாதி உலகம் மறைந்தே கிடக்கும். பெயரில் இருக்கும் பால்டர்ஸ் கேட் நகரத்தைத் தேடி மட்டும் வீணாக அலையாதீர்கள், ஐந்தாம் அத்தியாயத்தில்தான் அதன் கதவு திறக்கும்.

அலைவதற்கும் ஒரு முறை இருக்கிறது. மாலை மங்கிய நேரத்தில் தெரியாத எஸ்டேட் பாதையில் இறங்கும் முன், யானை நடமாட்டம் உண்டா என்று வாட்சரிடம் கேட்டுவிட்டுத்தானே போவோம், இங்கேயும் அப்படித்தான். சத்திரங்களில் ஒரு கோப்பை வாங்கிக் குடித்தால் வதந்திகள் காதில் விழும். ஊர்க்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால் எந்தப் பக்கம் எது திரிகிறது என்று சொல்வார்கள். கற்சிலைகள் நிற்கும் வெளி ஒன்றைப் பார்த்தால் அங்கேயே நில்லுங்கள். அவை பெரும்பாலும் பசிலிஸ்க் என்ற பல்லியின் பார்வை பட்டுக் கல்லான மனிதர்கள். கல்லாவதைத் தடுக்கும் மந்திரம் மந்திரவாதியின் முதல் நிலையிலேயே உண்டு. அதைப் போட்டுக்கொண்டு போனால் அதே இடம் அனுபவப் புள்ளிகள் கொட்டும் சுரங்கமாகிவிடும். முன்னால் ஒரே ஒருவரை அனுப்பி நோட்டம் பார்ப்பது, வெல்ல முடியாத எதிரி என்றால் திரும்பி ஓடுவது, இரண்டுமே இங்கே புத்திசாலித்தனம். குகை, இடிபாடு, கோபுரம் எதற்குள் போனாலும் திருடன் வகைக் கூட்டாளியைப் பொறி தேடும் நிலையில் வைத்து மெதுவாக நடத்துங்கள். அந்தப் பட்டனை அழுத்தாவிட்டால் அவர் பொறியைத் தேட மாட்டார்.

ஓய்வெடுப்பதிலும் கவனம் வேண்டும். திறந்த வெளியில் படுத்தால் நடுவில் எதிரிகள் வந்து எழுப்பலாம். சத்திரத்தில் அந்தப் பயம் இல்லை. தூங்கும் முன் மந்திரவாதியின் புத்தகத்தைத் திறந்து மந்திரங்களைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும், தேர்ந்தெடுத்ததுதான் தூங்கி எழுந்தபின் கைக்கு வரும்.

ஆயுதம் உடைகிறதே, இது கோளாறா என்று கேட்கிறார்கள். கோளாறு இல்லை, கதையே அதுதான். அந்த நாட்டில் இரும்புக்குப் பஞ்சம், கிடைக்கும் இரும்பும் உளுத்துப்போனது. மந்திர ஆயுதம் கிடைக்கும் வரை ஆளுக்கு ஒரு மாற்று ஆயுதம் வைத்திருங்கள்.

கீழே கிடந்ததை எடுத்து உடனே மாட்டிக்கொள்வது அடுத்த பெரிய தவறு. இன்னதென்று தெரியாத பொருளின் படம் நீல நிறம் பூசியது போலத் தெரியும். பெரகோஸ்டுக்கு வடக்கே சாலைப் பக்கம் ஓகர் என்ற ராட்சத உருவம் ஒன்று இரண்டு இடைக்கச்சைகளை வைத்திருக்கும். ஒன்று நல்ல பாதுகாப்பு தருவது. மற்றதைக் கட்டினால் ஆண் பெண்ணாகவும் பெண் ஆணாகவும் மாறிவிடுவார்கள், சாபம் நீக்கும் மந்திரம் இல்லாமல் கழற்றவும் முடியாது. கடைக்காரரிடம் 100 காசு கொடுத்தால் பொருள் என்னவென்று சொல்லிவிடுவார். ஐடென்டிஃபை மந்திரம் இருந்தால் அந்தக் காசும் மிச்சம். வீடுகளுக்குள் இருக்கும் பெட்டிகளைத் திறப்பதிலும் விரலை அடக்குங்கள். யாராவது பார்த்துவிட்டால் காவலர் வருவார், மோதினால் உங்கள் நற்பெயர் சரியும். நற்பெயர் சரிந்தால் கடையில் விலை ஏறும்.

சேவ் செய்வது பற்றி. பகுதி மாறும்போது தானாக ஒரு சேவ் விழும், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். சண்டையின் நடுவில் அழைப்பு வரும், பேசி முடித்துத் திரும்பினால் நினைவகம் போதாமல் போன் விளையாட்டை மூடியிருக்கும். ஒரே சேவின் மேல் திரும்பத் திரும்ப எழுதாமல், அத்தியாயத்துக்கு ஒன்றாவது தனியாக வைத்துக்கொள்ளுங்கள். முன்பு எடுத்த தவறான முடிவின் விளைவு வெகுநேரம் கழித்துத்தான் தெரியவரும், அப்போது பின்னோக்கிப் போக ஒரு வழி வேண்டும். ஆப்பை நீக்கினாலோ போனை மாற்றினாலோ சேவ்களும் போய்விடலாம், முன்பே நகல் எடுத்துவிடுங்கள்.

கடைசியாகக் கூட்டாளிகள். உங்களைச் சேர்த்து 6 பேர் வரைதான் இடம். கிடைப்பவரை எல்லாம் சேர்த்துக்கொள்வது பிரச்சினையில் முடியும். வழியில் முதலில் எதிர்ப்படும் க்ஸாரும் மொன்டரானும் கெட்டவர்கள். காலித்துக்கும் ஜஹீராவுக்கும் அவர்களோடு ஒத்துப்போகாது, வாய்ச்சண்டை முற்றிக் கத்தியை எடுத்துக்கொள்ளும் அளவுக்குப் போகும். நாஷ்கெலில் மின்ஸ்க் என்ற முரட்டு வீரன் கையில் ஒரு வெள்ளெலியோடு வந்து, க்னோல் என்ற மிருக முகம் கொண்ட எதிரிகள் பிடித்துவைத்திருக்கும் டைனாஹெய்ர் என்ற பெண்ணை மீட்கச் சொல்லிக் கேட்பான். சரி என்று சேர்த்துக்கொண்டுவிட்டு வேறு வேலைகளில் நாட்களை ஓட்டினால் அவன் பொறுமை போய்விடும். மூலக்கதை காத்திருக்கும் என்று சொன்னேன், மின்ஸ்க் காத்திருக்க மாட்டான். க்னோல் கோட்டை மேற்கே தூரத்தில் இருக்கிறது, வழியிலும் எதிரிகள் உண்டு. அம்புகளையும் மருந்துக் குப்பிகளையும் நிறைய வாங்கி வைத்துக்கொண்டு, உடனே கிளம்பத் தயாரான பிறகு அவனிடம் போய்ப் பேசுங்கள்.