ஒருவர் சரிந்து விழும்போது போனை வைத்து நாம் செய்யும் தவறுகள்

சிங்கப்பூரில் பலருடைய போனில் மைரெஸ்பாண்டர் செயலி இருக்கும். குடிமைத் தற்காப்புப் படை 2015இல் கொண்டுவந்தது. யாருக்கோ இதயம் நின்றுவிட்டது என்று 995 என்ற ஆம்புலன்ஸ் எண்ணுக்கு அழைப்பு போனால், அங்கிருந்து சுமார் 400 மீட்டருக்குள் இருக்கும், உதவப் பதிவுசெய்தவர்களின் போனுக்குத் தகவல் வரும், பக்கத்தில் ஏஇடி கருவி (இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுப்பது) எங்கே மாட்டியிருக்கிறது என்பதையும் மேப்பில் பார்க்கலாம். ஆனால் பேட்டரி மிச்சமாகட்டும் என்று லொகேஷனை அணைத்து, தொல்லையாக இருக்கிறது என்று நோட்டிபிகேஷனையும் நிறுத்திவிட்டால், நீங்கள் எதிர் புளோக்கிலேயே இருந்தாலும் அந்தச் செயலிக்குத் தெரியாது. இன்றைக்கே செட்டிங்ஸைத் திறந்து பாருங்கள்.

பெரிய தவறு இதைவிட முன்னாலேயே நடக்கிறது. விழுந்தவர் "மூச்சு விடுகிறாரே" என்று சும்மா இருந்துவிடுவது. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் பலருக்கு வாய் திறந்து மூடும், கரையில் போட்ட மீன் மாதிரி, இடையிடையே குறட்டை போல ஒரு சத்தமும் வரும். அது மூச்சு இல்லை. தோளைத் தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சும் சீராக இல்லை என்றால் இதயம் நின்றுவிட்டதாகவே எடுத்துக்கொண்டு உடனே 995க்குப் பேசுங்கள். சிபிஆர், அதாவது நெஞ்சை அழுத்தும் முதலுதவி, இல்லாமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. இந்த நேரத்தில்தான் நம் வீடுகளில் முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள், உள்ளங்காலைத் தேய்ப்பார்கள், முதல் போன் மகனுக்கோ மச்சானுக்கோ போகும். தயவுசெய்து வேண்டாம், அவர்களுக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

995க்கு அழைத்தாயிற்று, சரி. போனைக் காதில் வைத்துக்கொண்டே நிற்காதீர்கள். ஸ்பீக்கரில் போட்டு அவர் தலைப் பக்கம் தரையில் வையுங்கள். எதிர்முனையில் இருப்பவர் எங்கே கை வைப்பது, எப்படி அழுத்துவது என்று சொல்லிக்கொண்டே வருவார், கூடவே எண்ணுவார். நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும், ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலே எழ விட வேண்டும். இந்தக் குரலை விட்டுவிட்டு யூடியூப்பில் வீடியோ தேடுவது வீண் தாமதம். வேடிக்கை பார்ப்பவர் யாராவது படம் பிடித்தால் அவரையே லிஃப்ட் வாசலுக்கு அனுப்புங்கள், ஆம்புலன்ஸ்காரர்களைக் கூட்டிவர ஒரு ஆள் வேண்டும்.

செயலியில் தகவல் வந்ததும் எல்லோரும் நோயாளியிடமே ஓடுவதும் தவறுதான். அங்கே ஏற்கெனவே ஒருவர் அழுத்திக்கொண்டிருந்தால் அடுத்தவர் ஏஇடியை எடுத்துவர வேண்டும், வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்குகளில் பெரும்பாலும் கீழே லிஃப்ட் பக்கத்திலேயே இருக்கும். இன்னொருவர் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கை மாற்ற வேண்டும், ஏனென்றால் தனி ஆள் சீக்கிரம் களைத்துப்போவார், அழுத்தமும் குறைந்துவிடும். ஸ்டாக்ஹோமில் இதேபோல் போன் வழியாக அக்கம்பக்கத்தவரை அழைத்துப் பார்த்த ஆய்வு 2015இல் வெளியானது: அழைத்த இடங்களில் 62 சதவீதம் பேருக்கு ஆம்புலன்ஸ் வருமுன்பே சிபிஆர் கிடைத்தது, அழைக்காத இடங்களில் 48. ஆள் வந்தால் இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது.

ஏஇடியைத் தொடப் பயப்படுகிறவர்களும் உண்டு, தவறாக ஷாக் கொடுத்துவிடுவோமோ என்று. திறந்து ஆன் செய்தால் கருவியே பேசும். அது காட்டும் இடத்தில் பேடுகளை ஒட்டினால் இதயத்துடிப்பைத் தானே சோதிக்கும், ஷாக் தேவையில்லை என்றால் நீங்கள் பட்டனை அழுத்தினாலும் கொடுக்காது.