‘இந்தியா சாங்’ பார்க்க உட்காரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரெஞ்சு எழுத்தாளரும் இயக்குநருமான மார்கெரித் துராஸ் 1975இல் எடுத்த ‘இந்தியா சாங்’ படத்தைப் பாதியில் நிறுத்தியவர்கள் பெரும்பாலும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள்: “யாருமே வாயைத் திறக்கலை, ஆனா பேச்சு மட்டும் கேட்டுக்கிட்டே இருக்கு.” பேசுவது யார் என்று திரையில் தேடுவதுதான் முதல் தவறு. அந்தக் குரல்களில் சில, இந்தக் கதையை என்றோ கேட்டு, பாதி மறந்துபோனவர்களுடையவை. ஒருவர் கேட்க இன்னொருவர் நினைவுபடுத்திச் சொல்கிறார். படப்பிடிப்பின்போது ஒலிப்பதிவை ஓடவிட்டு, நடிகர்கள் அதைக் கேட்டபடியே நடமாடினார்கள். அவர்களும் நம்மைப் போலக் கேட்பவர்கள்தான் என்று புரிந்துவிட்டால் படம் மெல்லத் திறந்துகொள்ளும்.

தொடக்கத்தில் சூரியன் மறையும் நீண்ட காட்சியைத் தயவுசெய்து ஓட்டிவிடாதீர்கள். அங்கேதான் ஒரு பெண்ணின் பாட்டும் சிரிப்பும் கேட்கின்றன. லாவோஸின் சவன்னகேத்திலிருந்து கல்கத்தாவரை நடந்தே வந்த பிச்சைக்காரி அவள். கடைசிவரை அவள் முகத்தைப் பார்க்க மாட்டோம். கண்ணுக்குத் தெரிவதெல்லாம் பெரும்பாலும் தூதரகத்து வெள்ளைக்காரர்கள். மதிலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு வெறும் குரல்தான். காலனி வாழ்க்கையை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன படம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

அப்புறம், இந்தியாவைத் தேடாதீர்கள். கதை நடப்பது 1937இல், கல்கத்தாவின் பிரெஞ்சுத் தூதரகத்தில். அப்போது தலைநகர் டெல்லி. கல்கத்தாவில் அப்படி ஒரு தூதரகமே கிடையாது. படத்தில் வரும் மாளிகை இருந்தது பாரிஸை ஒட்டிய பூலோஞில். துராஸ் 1914இல் வியட்நாமின் சைகோன் அருகே பிறந்து, பிரெஞ்சுக் காலனியான இந்தோசீனாவில் வளர்ந்தவர். அவர் நினைவில் இருந்த காலனி அதுதான். இருந்தாலும், நம் மண் வெறும் வெக்கையாகவும் தொழுநோயாகவும் மட்டும் வருவது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. அந்த உறுத்தலை விழுங்கிவிட்டு ரசிக்க வேண்டும் என்பதில்லை.

இதைக் காதல் தோல்விக் கதையாகச் சுருக்குவதும் தவறு. தூதரின் மனைவி ஆன்-மரி ஸ்த்ரெத்தராக தெல்ஃபின் செய்ரிக், அவளை விரும்பும் துணைத்தூதராக மைக்கேல் லோன்ஸ்டேல். விருந்திலிருந்து வெளியேற்றப்பட்டதும் அவன் கதறுகிறான், கதறல் நின்றபாடில்லை. ஆனால் லாகூரில் தொழுநோயாளிகளை நோக்கிச் சுட்டவனும் அவனேதான். ஆசையும் அந்தக் குற்றமும் ஒரே தொண்டையிலிருந்து வருகின்றன.

இதே ஒலிப்பதிவை வைத்து, 1976இல் துராஸ் இன்னொரு படம் எடுத்தார். ஏறக்குறைய ஆளே இல்லாத, சிதிலமான அதே மாளிகை. அதை முதலில் பார்த்துவிடாதீர்கள். இங்கே யார் ஆடினார்கள் என்று தெரிந்த பிறகுதான் அந்த வெற்று அறைகள் நெஞ்சை அடைக்கும்.