சைக்காலஜி படிக்க வர்றவங்க திரும்பத் திரும்ப பண்ற தப்புங்க

போன வாரம் தெரிஞ்ச தம்பி ஒருத்தன் போன் பண்ணி, "அக்கா, சைக்காலஜி மாஸ்டர்ஸ் சேர்ந்துட்டேன், ரெண்டு வருஷத்துல கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆயிடுவேன்"னான். நானும் ஒரு காலத்துல அதையேதான் பாக்கறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டு திரிஞ்சேன். கோர்ஸ்ல சூப்பர்விஷன் உண்டான்னு கேட்டேன். "அப்படின்னா?"ன்னான். நாம கிளையன்ட்டைப் பார்க்கறதை அனுபவசாலி ஒருத்தர் கூட இருந்து மேற்பார்வை பண்றதுதான் அது. அதான் எழுத உட்கார்ந்துட்டேன். சைக்காலஜிஸ்ட் யாரு, சைக்யாட்ரிஸ்ட் யாருங்கற குழப்பத்தை எல்லாம் விட்டுடறேன், அதை யாரைக் கேட்டாலும் சொல்லிடுவாங்க.

டிகிரி பேரை மட்டும் பார்த்து சேர்றது

சர்டிஃபிகேட்ல "கிளினிக்கல்"னு இருந்தா போதும்னு நம்பி சேர்ந்தேன். ரெண்டு வருஷம் தியரி, டெஸ்ட் மேனுவல், கடைசில ஒரு டெஸர்டேஷன், ஒரு கிளையன்ட் முன்னாடிகூட உட்காரல. முடிச்சுட்டு ரெஜிஸ்ட்ரேஷனுக்கு போனப்பதான் தெரிஞ்சது, யூனிவர்சிட்டிக்கு அங்கீகாரம் இருக்கு, அந்தக் கோர்ஸுக்கு இல்ல. ரெண்டும் வேற வேற. சேரும்போது "இதை முடிச்சா பிராக்டிஸ் பண்ணலாமா"ன்னு கேட்டேன், "பண்ணலாம்மா"ன்னாங்க, எந்தப் பேர்ல, எந்த லைசென்ஸ்லன்னு நானும் கேட்கல அவங்களும் சொல்லல. இப்ப நினைச்சாலும் பத்திக்கிட்டு வருது.

ரூல் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டன்ல வெறும் "சைக்காலஜிஸ்ட்"னு போட்டுக்க சட்டத்துல தடை இல்ல, "கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்"னு போடணும்னா எச்.சி.பி.சி.ங்கற அரசு ஒழுங்குமுறை அமைப்புல பதிவு கட்டாயம். அமெரிக்காவுல பெரும்பாலான மாநிலங்கள்ல சைக்காலஜிஸ்ட் லைசென்ஸுக்கு டாக்டரேட் வேணும், மாஸ்டர்ஸ் முடிச்சவங்க கவுன்சிலர் மாதிரி வேற லைசென்ஸ் வாங்கித்தான் வேலை பார்க்கறாங்க. இந்தியாவுல கிளினிக்கல் சைக்காலஜிஸ்டா பதிவு பண்ண ஆர்.சி.ஐ. (ரீஹாபிலிடேஷன் கவுன்சில் ஆஃப் இந்தியா) அங்கீகரிச்ச கோர்ஸ் படிச்சிருக்கணும்.

சூப்பர்விஷனை சும்மா ஒரு சம்பிரதாயம்னு நினைக்காதீங்க. மறுபடி முறையா படிச்சப்ப, தூக்கம் வரலைன்னு ஒருத்தர் வந்தார். நானும் தூக்கத்தைப் பத்தியே நாற்பது நிமிஷம் பேசிட்டு வந்தேன். சூப்பர்வைசர் கேட்ட முதல் கேள்வி, "சாகணும்னு தோணுதான்னு கேட்டியா?" கேட்கல. அன்னிக்கே அவரைத் திரும்ப வரவழைச்சு கேட்டோம். தோணிட்டுதான் இருந்திருக்கு. சூப்பர்வைசர் இல்லாத அந்த முதல் டிகிரியோட நான் பிராக்டிஸ் ஆரம்பிச்சிருந்தா அவரை அப்படியே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

அதனால ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி ரெஜிஸ்டர் பண்ற அமைப்போட லிஸ்ட்ல கோர்ஸ் பேரை நீங்களே தேடுங்க, எத்தனை மணி நேரம் கிளையன்ட்டை பார்க்க விடுவாங்க, யார் சூப்பர்வைஸ் பண்ணுவாங்கன்னு எழுத்துல வாங்குங்க, ஏற்கனவே படிச்சு முடிச்சவங்க இப்ப என்ன வேலையில இருக்காங்கன்னு விசாரிங்க.

கிளினிக்கல் மட்டும்தான் சைக்காலஜின்னு நினைக்கறது

இந்தத் துறை பிறந்ததே லேப்ல. வில்ஹெல்ம் வுண்ட் ஜெர்மனியில லைப்சிக்ல சைக்காலஜி லேப் ஆரம்பிச்சது 1879, லைட்னர் விட்மர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல சைக்காலஜி கிளினிக் திறந்தது 1896, அதுவும் முதல்ல வந்தது படிப்புல தடுமாறின பிள்ளைங்க. ரெண்டாம் உலகப்போர்ல பி-17 விமானம் ஓட்டினவங்க தரையிறங்கினதும் ஃபிளாப்பை (இறக்கையோட பின்பக்கத் தகடு) மடக்கறதுக்கு பதிலா சக்கரத்தை மடக்கிடுவாங்க. எல்லாரும் பைலட்டை குறை சொன்னப்ப, அல்ஃபோன்ஸ் சாபானிஸ்ங்கற சைக்காலஜிஸ்ட் ரெண்டு கன்ட்ரோலும் பக்கத்துல பக்கத்துல ஒரே மாதிரி இருக்கறதைக் கவனிச்சார். சக்கரத்துக்கானதுல சக்கர வடிவத்துல ஒரு பிடி, ஃபிளாப்புக்கு ஆப்பு வடிவத்துல இன்னொண்ணு, தொட்டாலே தெரியற மாதிரி வச்சார். இன்னிக்கு யூஎக்ஸ் ரிசர்ச்சுக்கு (ஆப், வெப்சைட்டை எல்லாம் ஜனங்க எப்படிப் பயன்படுத்தறாங்கன்னு ஆராயறது) போற காக்னிடிவ் சைக்காலஜி பசங்க பண்றது அதே ஜாதி வேலைதான். ஆள் தேர்வுக்கு டெஸ்ட் வடிவமைக்கறது ஆர்கனைசேஷனல், பக்கவாதத்துக்கு அப்புறம் ஞாபகமும் கவனமும் எவ்வளவு மிச்சம்னு அளக்கறது நியூரோசைக்காலஜி, பையனுக்கு ஏன் வாசிக்க வரலைன்னு கண்டுபிடிக்கறது ஸ்கூல் சைக்காலஜி. தினம் தினம் அடுத்தவங்க துயரத்தைக் கேட்க முடியாதுன்னு தெரிஞ்சா வெளிய ஓட வேண்டியதில்ல, பக்கத்துல இத்தனை வாசல் திறந்திருக்கு.

ஃபாரன்சிக்னா கொலைகாரன் மனசைப் படிக்கறதுன்னு நம்பறது

ஃபாரன்சிக்னா கோர்ட், குற்றம் சம்பந்தப்பட்ட சைக்காலஜி, பெரும்பாலும் ரிப்போர்ட் எழுதற வேலை. விசாரணையை எதிர்கொள்ற மனநிலை இவருக்கு இருக்கா, வெளிய விட்டா மறுபடி குற்றம் பண்ற ரிஸ்க் எவ்வளவு, இதை கோர்ட்ல குறுக்கு விசாரணைக்குத் தாங்கற மாதிரி எழுதணும்.

ஸ்டாடிஸ்டிக்ஸை ஒதுக்கறது

எந்தக் கிளைக்குப் போனாலும் பின்னாடியே வரும், முதல் வருஷமே உட்கார்ந்து படிச்சுடுங்க.

சொந்தக் காயத்தை ஆத்திக்க இந்தப் படிப்புக்கு வர்றது

அதுக்கு தெரபிக்குப் போங்க. படிப்பு வேற.