கார் பானெட்டில் கல் தெறித்த புள்ளியை வீட்டிலேயே சரிசெய்ய

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஜல்லி லாரிக்குப் பின்னால் அரை மணி நேரம் போனால் பானெட்டில் நாலு புள்ளியாவது விழும். பெயின்ட் கடையில் காட்டினால் பானெட் முழுக்க அடித்துவிடலாம் என்பார்கள். அரிசி அளவு புள்ளிக்கு அதெல்லாம் வேண்டாம். கை வேலை மொத்தமே ஒரு மணி நேரம்தான், மீதியெல்லாம் காத்திருப்பு, அந்தக் காத்திருப்பில்தான் பெரும்பாலும் எல்லோரும் கோட்டை விடுகிறோம்.

கம்பெனி பெயின்ட் எல்லா அடுக்கும் சேர்த்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான், ஏறக்குறைய இரண்டு தலைமுடி தடிமன். புள்ளிக்குள் சாம்பல் நிறம் தெரிந்தால் ப்ரைமர், அதாவது தகரத்தின் மேல் பூசிய அடிப்பூச்சு, தப்பித்திருக்கிறது. தகரம் தெரிந்தால் மழைக்கு முன்பே கை வையுங்கள். பம்பர் பிளாஸ்டிக், துரு பிடிக்காது, அது பொறுமையாக நடக்கட்டும்.

உங்கள் காரின் கலர் கோடு, அதாவது பெயின்டின் நிறத்துக்கான குறியீட்டு எண், பெரும்பாலும் டிரைவர் கதவுத் தூணிலோ பானெட்டுக்கு உள்ளேயோ ஒரு தகட்டில் இருக்கும். அதைச் சொல்லி டச்-அப் பெயின்டும் (சின்னப் புள்ளிகளை மூட வரும் குட்டி பாட்டில்) கிளியர் கோட்டும் (பெயின்டுக்கு மேல் பூசும் நிறமில்லாத பளபளப்பு அடுக்கு) வாங்குங்கள், வெள்ளைதானே என்று கண்ணால் பார்த்து வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள்.

ஷாம்பூ போட்டுக் கழுவி, காய்ந்ததும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடையுங்கள். துருவோ உரியும் பெயின்டோ இருந்தால் பிளேடு முனையால் மெதுவாகச் சுரண்டுங்கள். தகரம் தெரிகிற இடத்தில் ப்ரைமர் ஒரு சொட்டு. வேலை நிழலில் நடக்கட்டும், பானெட் கையில் சுடக்கூடாது. மழை ஈரத்தில் செய்தால் கிளியர் கோட் பால் மாதிரி வெளுத்துப்போகும்.

அப்புறம் பெயின்ட். பாட்டிலோடு வரும் பிரஷ் இந்த வேலைக்குத் துடைப்பம் மாதிரி, அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பல்குச்சி எடுங்கள். நுனியில் தொட்டுக் குழியின் நடுவில் வைத்தால் பெயின்ட் தானாக ஓரம் வரை பரவும், நீங்கள் தேய்க்கவே வேண்டாம். காய்ந்ததும் அது அமுங்கி மறுபடி குழியாகத் தெரியும், பதறாதீர்கள், ஒரு மணி நேரம் விட்டு அடுத்த சொட்டு. மூன்று நான்கு முறை வைத்து, மேலே கிளியர் கோட் இரண்டு முறை வைத்தால் சுற்றியுள்ள மட்டத்தைவிட ஒரு பொட்டு போல லேசாக மேடாக நிற்கும். அப்படித்தான் நிற்க வேண்டும்.

இப்போது ஒரு வாரம் தொடாதீர்கள். நான் முதல் தடவை மேட்டை மட்டமாக்க மறுநாளே உப்புத்தாளால் தேய்த்தேன், பெயின்ட் மெத்தென்று தாளோடு ஒட்டிக்கொண்டு வந்தது, ஆத்திரத்தில் இன்னும் அழுத்தித் தேய்த்ததில் சுற்றியிருந்த கிளியர் கோட்டும் போய், புள்ளி எட்டணா அளவுக்குப் பெரிதாகிவிட்டது.

ஒரு வாரம் கழித்து, 2000 நம்பர் வாட்டர் பேப்பரை (நனைத்துத் தேய்க்கும் நைசான உப்புத்தாள்) சின்ன ரப்பர் துண்டில் ஒட்டி, சோப்புத் தண்ணீரில் நனைத்து, மேட்டை மட்டும் தேய்க்கவும். நாலு இழுப்புக்கு ஒரு தடவை துடைத்துப் பாருங்கள். விரலால் தடவினால் தட்டுப்படாத நிலை வந்ததும் 3000 நம்பர், பிறகு தேய்த்த கீறலைப் போக்கும் ரப்பிங் கம்பவுண்ட் பசை, கடைசியில் பாலிஷ், எல்லாமே மைக்ரோஃபைபர் துணியில் கையாலேயே. மெட்டாலிக் கலர் என்றால் சரிசெய்த இடம் பக்கத்தில் குனிந்து பார்த்தால் தெரியத்தான் செய்யும். வாக்ஸ் மட்டும் ஒரு மாதம் கழித்துப் போடுங்கள்.