தமனி விறைப்பு ஆய்வா? முதலில் மாத்திரைப் பையைக் கொட்டுங்கள்

தமனி விறைப்பை, அதாவது இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் இறுகிப்போவதை, வைத்து ஆய்வேடு எழுதும் மாணவர்களுக்கு இது. துடிப்பலை வேகத்தை (துடிப்பின் அலை தமனி வழியே ஓடும் வேகம்; விறைப்பு கூடினால் இதுவும் கூடும்) எப்படி எடுப்பது என்பதெல்லாம் கருவியின் கையேட்டிலேயே இருக்கிறது. வந்த எண்ணை மாத்திரைகள் குழப்பாமல் பார்த்துக்கொள்வதைப் பற்றி மட்டும் பேசுவோம்.

படி 1: பை

"ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று கேட்டால் பல்லடம் பக்கத்துத் தறிக்காரர் "ஒண்ணும் இல்லீங்க" என்பார். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோபினாக் அவர் கணக்கில் மாத்திரையே இல்லை. அதுவோ ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது. வீட்டில் உள்ள அட்டைகளை எல்லாம் பையோடு எடுத்துவரச் சொல்லுங்கள். ஆஸ்துமா பஃப், மூக்கடைப்பு மருந்து, கருத்தடை மாத்திரை ஆகியவற்றைப் பெயர் சொல்லியே கேளுங்கள். கத்தரித்துக் கொடுத்த அட்டையில் பாதிப் பெயர்தான் இருக்கும், சீட்டையும் பாருங்கள்.

படி 2: பதிவு

பிராண்டு பெயர் வேண்டாம். மருந்து, மில்லிகிராம், கடைசியாகச் சாப்பிட்ட நேரம், இவை போதும். வகை பிரிக்க உலக சுகாதார நிறுவனத்தின் ஏடிசி (மருந்து வகைப்பாட்டு) குறியீடு. பிரஷர் மாத்திரைகளில், அட்டெனலால் சி07, அம்லோடிபின் சி08, டெல்மிசார்டன் சி09. எக்செலில் ஒரே கட்டத்துக்குள் காற்புள்ளி போட்டு நிரப்பாதீர்கள். ஒரு மருந்துக்கு ஒரு வரி. அம்லோடிபினும் அட்டெனலாலும் சேர்ந்த ஒரே மாத்திரை நம்மூரில் சகஜம். அதை இரண்டு வரியாகப் பிரியுங்கள்.

படி 3: "பிரஷர் மாத்திரை: ஆம்/இல்லை"

பெரும்பாலோர் சறுக்குவது எக்செலில் போடும் இந்த ஒற்றைப் பத்தியில் (column) தான். அட்டெனலால் இதயத் துடிப்பைக் குறைக்கும். ரத்தம் வெளியேறும் நேரம் நீளும். தமனிக் கிளைகளில் மோதித் திரும்பி வரும் அலை இதயம் சுருங்கும்போதே வந்து ஏறிக்கொள்ளும். ஆக்மென்டேஷன் இன்டெக்ஸ், அதாவது அந்த அலை அழுத்தத்தில் எவ்வளவு சேர்க்கிறது என்ற அளவு, கூடிவிடும். அம்லோடிபின் ரத்தக்குழாயைத் தளர்த்துவதால் அந்த அலை குறையும். இந்த இரண்டு மருந்துகளையும் ஒப்பிட்டு 2006இல் வந்த கஃபே (CAFE) ஆய்வில் இரண்டு தரப்புக்கும் கையில் அளந்த அழுத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் மகாதமனியின் சிஸ்டாலிக் அழுத்தம் அட்டெனலால் தரப்பில் சுமார் 4 மி.மீ. அதிகம். இரண்டையும் ஒரே "ஆம்"-இல் போட்டால் ஒன்றை ஒன்று மறைத்துவிடும். இதயத் துடிப்பை நிமிடத்துக்கு 75 என்று வைத்துச் சரிசெய்த இன்டெக்ஸை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

அப்புறம் இன்னொன்று. மாத்திரை சாப்பிடுபவர்களின் துடிப்பலை வேகம் சாப்பிடாதவர்களைவிடக் கூடுதலாகத் தெரியும். மாத்திரையா விறைக்க வைத்தது? அந்த மாத்திரையை எழுத வைத்த பல வருட அழுத்தம் ஏற்கெனவே விறைக்க வைத்திருந்தது. அதனால் எத்தனை வருடமாக பிரஷர் என்பதையும் கேட்டு எழுதுங்கள். என் வழக்கம், வகைவாரியாகப் பத்தி போட்டு எல்லோரையும் வைத்து ஒருமுறை, எந்த மருந்தும் எடுக்காதவர்களை மட்டும் வைத்து இன்னொரு முறை கணக்கிடுவது. இரண்டாவதையே முக்கிய முடிவாக்கக் கூடாது. அதில் இளவயது ஆரோக்கியசாலிகள்தான் மிஞ்சுவார்கள்.

அளக்கும் நேரத்துச் சராசரி அழுத்தமும் வேண்டும். தமனிச் சுவர் மாறாமலே, அழுத்தம் இறங்கினால் துடிப்பலை வேகமும் இறங்கும்.

படி 4: அளக்கும் நாள்

3 மணி நேரம் சாப்பாடு, காபி, பீடி கூடாது. வரும் வழியில் டீக்கடையில் நிற்க வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். 10 நிமிடம் படுக்க வையுங்கள். அன்று நெஞ்சுவலிக்கு நாக்கடியில் நைட்ரேட் மாத்திரை வைத்திருந்தால் வேறு நாள் கொடுங்கள். சில நிமிடங்களிலேயே இன்டெக்ஸ் இறங்கிவிடும். ஆய்வுக்காக வழக்கமான மாத்திரையை நிறுத்தச் சொல்ல வேண்டாம். அது அவருடைய மருத்துவரின் முடிவு.

பின்சேர்க்கை: "மாத்திரை வாங்கி வெச்சிருக்காங்க, சாப்பிடறதில்லை, என்ன எழுத?" என்று ஈரோட்டு மாணவி ஒருவர் கேட்டார். அட்டையில் மிச்சம் இருப்பதை எண்ணி, வாங்கிய தேதியோடு ஒப்பிடுங்கள். "எழுதிக் கொடுத்தது", "சாப்பிட்டது" என்று இரண்டு பத்தி வையுங்கள்.